சப்பாத்திக்கள்ளிப் பழ ஐஸ்கிரீம்: குறை முட்டையிலா, பழத்தின் நீரிலா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அரை கிலோ சப்பாத்திக்கள்ளிப் பழக்கூழை அரை லிட்டர் பாலிலும் 200 கிராம் க்ரீமிலும் கலந்து, 100 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஃப்ரீசரில் வைத்தீர்கள், மறுநாள் அது கரண்டி இறங்காத கட்டியாக இருந்தது, வாயில் நறநறத்தது, பழத்தில் கண்ணைப் பறித்த செந்நீல நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தது. முட்டை சேர்க்காததுதான் காரணமா, சேர்க்காமலேயே இதைச் சரிசெய்ய என்ன போட வேண்டும் என்று கேட்கிறீர்கள். பால்பொருள் தொழில்நுட்பம் படித்து, பல ஆண்டுகள் ஐஸ்கிரீம் கலவைகளோடு வேலை செய்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், இங்கே குறை முட்டையில் இல்லை. பழத்தோடு வந்த நீர் ஐஸ்கிரீமைக் கட்டியாக்கியது. நீங்கள் கொடுத்த சூடு நிறத்தைக் கெடுத்தது. ஆகவே எதைப் புதிதாகச் சேர்ப்பது என்பதைவிட எதை வெளியேற்றுவது, எதைச் சுடாமல் விடுவது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

முட்டையைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும் லெசித்தினும் இருக்கின்றன. சூட்டில் அந்தப் புரதம் கலவையைக் கெட்டியாக்குகிறது. லெசித்தின் கொழுப்புத் துளிகளின் மேல் படிந்திருக்கும் பால் புரதத்தைச் சற்று விலக்கி, அத்துளிகள் ஒன்றோடொன்று பாதியளவில் ஒட்டிக்கொள்ள வழிசெய்கிறது. அப்படி ஒட்டிய கொழுப்புதான் கலவைக்குள் புகும் காற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. இவை பயனுள்ள வேலைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முட்டை இல்லாமல் பால், க்ரீம், சர்க்கரை ஆகியவற்றை மட்டும் கொண்டு ஐஸ்கிரீம் செய்யும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. பாலிலுள்ள கேசீன் புரதமே கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்க வல்லது. முட்டையின் கெட்டித்தன்மைக்கு ஈடாகச் சிறிது கார்ன்ஃப்ளாரும், அதன் புரதத்துக்கு ஈடாகச் சிறிது பால் பவுடரும் வீட்டு அளவுக்குப் போதுமானவை. உங்கள் கலவையில் இரண்டு முட்டைக் கருவைச் சேர்த்திருந்தாலும் அது கட்டியாகத்தான் உறைந்திருக்கும்.

காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சதையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர், பாலில் 87 சதவீதத்துக்கு மேல் நீர். க்ரீமில் கொழுப்பு 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் சொன்ன அளவுகளைக் கூட்டினால் 1300 கிராம் கலவையில் ஆயிரம் கிராமுக்குச் சற்றுக் குறைவாக வெறும் நீர் வருகிறது; நூற்றுக்கு 75 பங்கு. நாக்கில் வழவழவென்று கரையும் ஐஸ்கிரீமில் நீர் 60 முதல் 64 பங்குதான் இருக்கும். மீதி கொழுப்பு, சர்க்கரை, பாலின் திடப்பொருள்கள். கூடுதலாக உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீர்தான் பெரிய பனிப்படிகங்களாக வளர்ந்து உங்கள் பல்லில் பட்டது. படிகங்கள் ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் வளர்ந்துவிட்டால் நாக்கு அவற்றைத் தனித்தனித் துகள்களாக உணர்ந்துவிடும்.

அப்படியானால் பழத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் சுவையும் குறையும். இந்தப் பழத்தின் மணம் இயல்பிலேயே மென்மையானது, தர்ப்பூசணியையும் வெள்ளரியையும் நினைவூட்டுவது. அடுப்பில் வைத்துச் சாற்றைச் சுண்டவைக்கலாமே என்றால், நிறமும் மணமும் போய், வெல்லப்பாகின் சாயல் ஏறிவிடும். நான் கையாளும் வழி வேறு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விதை நீக்கி வடிகட்டிய சாற்றை ஒரு அகலமான டப்பாவில் ஊற்றி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக உறையவிடுங்கள். மறுநாள் அந்தக் கட்டியை எடுத்து, மெல்லிய துணி விரித்த சல்லடையில் வைத்து, அடியில் ஒரு கிண்ணம் வைத்து, அப்படியே குளிர்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நீர் உறையும்போது படிகம் சுத்தமான நீராகவே அமையப் பார்க்கும். சர்க்கரையையும் நிறத்தையும் மணத்தையும் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்டவை படிகங்களுக்கு இடையே அடர்ந்த பாகாகத் தேங்கி நிற்கும். அந்தப் பாகின் உறைநிலை நீரைவிடத் தாழ்ந்தது என்பதால், உருகத் தொடங்கும்போது அதுவே முதலில் இறங்கும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். முதல் சொட்டுகள் கிட்டத்தட்ட கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டும்படி விழும். சில மணி நேரம் கழித்துத் துணியைத் திறந்தால் கட்டியின் மேற்புறம் வெளுத்து, கடற்பஞ்சு போலத் துளைத்துளையாக நிற்கும். இன்னும் போகப்போக கட்டி முழுவதும் இளஞ்சிவப்பாகி, கடைசியில் ஏறத்தாழ நிறமற்ற பனியாகிவிடும். பாதி எடை கிண்ணத்தில் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். 450 கிராம் சாற்றிலிருந்து 225 கிராம் செறிவுச் சாறு கிடைக்கும். சர்க்கரையின் பெரும்பகுதி அதில் வந்துவிடும். இப்பழத்தில் வழவழப்பான பசைப்பொருள் இருப்பதால் சாறு மெதுவாகத்தான் சொட்டும். எட்டு மணி நேரம் ஆனாலும் அவசரப்பட்டு வெளியே வைக்காதீர்கள். எலுமிச்சையைப் போலப் புளிப்பு மிகுந்த பழமல்ல இது, இதன் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடினால் இது குறையும்) பெரும்பாலும் 5-க்கு மேல், சில வேளை 6-க்கும் மேல் இருப்பதால், அறை வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் கிருமிகள் பெருக இடமுண்டு. சல்லடையில் மிஞ்சும் வெளுத்த பனியை எறிய வேண்டியதில்லை; உருக்கி எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம்.

இந்தப் பழத்தின் சர்க்கரை இன்னொரு வகையிலும் நமக்கு உதவுகிறது. அது பெரும்பாலும் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் இருக்கிறது. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸ் மிகக் குறைவு. குளுக்கோஸ் மூலக்கூறின் எடை சுக்ரோஸின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான். எனவே ஒரே எடைக்கு அது ஏறத்தாழ இருமடங்கு வலிமையுடன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. செறிவுச் சாற்றிலுள்ள 50 கிராம் பழச்சர்க்கரை, ஐஸ்கிரீமை இளக்கமாக வைத்திருப்பதில் 95 கிராம் வெள்ளைச் சர்க்கரையின் வேலையைச் செய்யும். ஆகையால் கட்டியாக உறைகிறதே என்று பயந்து சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டாம். அப்படிச் செய்தால் அது உறையவே உறையாமல் கூழாக நிற்கும்.

நிறத்தைப் பற்றி. இப்பழத்தின் சிவப்பும் மஞ்சளும் பீட்டாலைன் என்ற நிறமி வகையைச் சேர்ந்தவை. பீட்ரூட்டில் இருப்பதும் அதே வகைதான். நாவல், திராட்சை போன்ற பழங்களின் நிறமி வேறு வகை. அது புளிப்புக்கேற்ப நீலமும் சிவப்புமாக மாறும். பீட்டாலைன் அப்படி எளிதில் சாயல் மாறாது, ஆனால் சூடு அதற்கு ஆகாது. கொதிக்கும் பாலில் சில நிமிடங்கள் இருந்தாலே சிதைந்து மஞ்சளும் பழுப்புமாகிவிடும். வெளிச்சமும் காற்றும், இரும்பு, செம்பு அயனிகளும் அந்தச் சிதைவை விரைவுபடுத்தும். ஆகவே விதி எளியது: பாலை மட்டும் காய்ச்சுங்கள், சாற்றை ஒருபோதும் அதோடு சேர்த்துக் காய்ச்சாதீர்கள், கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். சாற்றைப் பச்சையாகச் சேர்க்கத் தயங்குபவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் சாப்பிடுவதாக இருந்தால், சாற்றைத் தனியாக 75 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்த அளவை எட்டியதுமே இறக்கி, பனிக்கட்டி மிதக்கும் நீரில் பாத்திரத்தை வைத்து உடனே குளிரவைக்கலாம். நிறம் கொஞ்சம் குறையும்; பாதுகாப்புக்காக அதை ஏற்றுக்கொள்வது சரியே. உறையவைப்பதால் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, அவை வளராமல் நிற்கும், அவ்வளவுதான்.

பழத்தைக் கையாளும்போது நீங்கள் கைக்குத் துணியுறை போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். பெரிய முள்ளைவிட இப்பழத்தில் ஆபத்தானது, தோலின் புள்ளிகளில் கொத்துக்கொத்தாக இருக்கும் சுணை. மயிரைவிட மெல்லிய அந்தச் சுணைக்குத் தூண்டில் போலப் பின்நோக்கிய கொக்கிகள் உண்டு. அது துணி நெசவின் இடைவெளியில் புகுந்து தங்கி, அடுத்த முறை உறையை மாட்டும்போதும் குத்தும். தொடக்க காலத்தில் நானே அப்படி இரண்டு நாள் விரல்களை மடக்க முடியாமல் இருந்திருக்கிறேன். பழத்தை இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தீயில் எல்லாப் பக்கமும் திருப்பி, சுணை பொசுங்கும்வரை காட்டுங்கள். பிறகு ஓடும் நீரில் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். முள்கரண்டியால் பழத்தைப் பலகையில் குத்திப் பிடித்து, இரு முனைகளையும் நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால், தடித்த தோல் சதையைவிட்டுத் தானாகவே சுருண்டு வரும். அதன்பின் கத்தியையும் பலகையையும் ஒருமுறை கழுவிவிட்டே சதையை நறுக்க வேண்டும். சுணை கையில் ஏறிவிட்டால் தேய்க்கவோ வாயால் கடித்து எடுக்கவோ கூடாது. நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் இயன்றவரை எடுத்துவிட்டு, மீதியிருக்கும் இடத்தில் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, அதன்மேல் காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை ஒட்டி, நன்றாக உலர்ந்தபின் உரித்தால் பெரும்பாலானவை அதோடு வந்துவிடும். கண்ணிலோ தொண்டையிலோ பட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

விதைகளை மிக்ஸியில் ஓடவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் நறநறப்பில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம். அந்த விதைகள் கல் போன்றவை. முழு வேகத்தில் அரைத்தால் உடைந்து மணல்போல் கலந்துவிடும், பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. சதையைக் கையாலோ மத்தாலோ மசித்து, அல்லது மிக்ஸியில் ஓரிரு முறை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி, நுண்ணிய சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து வடிகட்டுங்கள். பிறகு ஒருமுறை துணியிலும் வடித்துவிட்டால், தப்பியிருக்கும் ஓரிரு சுணையும் நின்றுவிடும். இந்த இரண்டாம் வடிகட்டலை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ஒரு கிலோ பழத்தில் தோலும் விதையும் போக 400 முதல் 450 கிராம் சாறு கிடைப்பது வழக்கம். விதையோடு நிறையச் சாப்பிடுவது நல்லதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை செரிக்காமல் குடலில் திரண்டு அடைத்துக்கொண்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

இனி அளவுகள். 225 கிராம் செறிவுச் சாற்றுக்கு 250 கிராம் பால், 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 250 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கிராம், சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளார் 12 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கார்ன்ஃப்ளார் என்பது மக்காச்சோளத்தின் வெள்ளை ஸ்டார்ச். மஞ்சள் சோளமாவைப் போட்டால் மாவு வாடை அடிக்கும். பால் பவுடரையும் சர்க்கரையையும் உலர்ந்த நிலையிலேயே கலந்து, பின்பு பாலில் தூவிக் கரைத்தால் கட்டி தட்டாது. கார்ன்ஃப்ளாரைத் தனியே இரண்டு கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, மிதமான தீயில் அடிப்பிடிக்காமல் கிளறி, கொதி வந்து ஓரிரு நிமிடம் கழித்து இறக்குங்கள்; கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். க்ரீமைச் சேர்த்து, விரைவாகக் குளிர்வித்து, மூடிக் குளிர்பெட்டியில் குறைந்தது நான்கு மணி நேரம் வைத்துவிடுங்கள். இந்தக் காத்திருப்பைச் சடங்கு என்று எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் கொழுப்பு இறுகுகிறது, புரதமும் ஸ்டார்ச்சும் நீரை உள்ளிழுத்துக்கொள்கின்றன. முட்டை இல்லாத கலவைக்கு இது மிகவும் முக்கியமானது. உறையவைப்பதற்குச் சற்று முன்புதான் குளிர்ந்த செறிவுச் சாற்றைக் கலக்க வேண்டும். இந்தக் கலவையில் கொழுப்பு 11 சதவீதம், திடப்பொருள் மொத்தம் 38 சதவீதம், நீர் 62 சதவீதம் என்று வரும். செறிவூட்டாத சாற்றையே முழுவதும் ஊற்றியிருந்தால் நீர் 69 சதவீதமாகியிருக்கும். பால் பவுடரை இதற்கு மேல் கூட்டாதீர்கள். அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை சில நாளில் படிகமாகி, நீங்கள் இப்போது குறை சொல்லும் அதே மணல் தன்மையை வேறு வழியில் கொண்டுவந்துவிடும்.

கடைகிற இயந்திரம் இருந்தால் அதன் போக்கில் விட்டுவிடலாம். இல்லாவிட்டால் அகன்ற, ஆழமில்லாத உலோகத் தட்டில் ஊற்றி, ஃப்ரீசரை முன்கூட்டியே மிகக் குறைந்த வெப்பநிலைக்கு மாற்றி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஓரங்களில் கட்டியானதைச் சுரண்டி நடுவில் சேர்த்துப் பீட்டரால் நன்றாக அடிக்க வேண்டும். நான்கைந்து முறை செய்தால் போதும். வேகமாக உறைந்தால் படிகங்கள் எண்ணிக்கையில் மிகுந்து உருவில் சிறுத்திருக்கும், மெதுவாக உறைந்தால் சிலவாகவும் பெரியவையாகவும் வளரும். ஒரு பங்கு கல்லுப்புக்கு மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டி என்ற கலவைக்குள் பாத்திரத்தை இறக்கிக் கிளறுவது இன்னும் வேகமானது. அந்தக் கலவை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியை நெருங்கக்கூடியது. கண்டென்ஸ்டு மில்க்கும் அடித்த க்ரீமும் சேர்த்துக் கடையாமலேயே உறையவைக்கும் எளிய முறையும் உண்டு. 300 மி.லி. க்ரீமை நுரைக்க அடித்து, 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கையும் 150 கிராம் செறிவுச் சாற்றையும் மெல்ல மடித்துக் கலந்தால் போதும். அது நிச்சயமாக இளக்கமாக வரும். ஆனால் கொழுப்பும் காய்ச்சிய பாலின் வாசமும் மேலோங்கி, பழம் பின்னுக்குப் போய்விடும் என்பதால் எனக்கு அது உவப்பாக இல்லை.

சுவையைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்று உண்டு. இது அவரவர் நாக்கைச் சார்ந்தது. குளிர் இனிப்பை மழுக்கும், கொழுப்பு மணத்தை மூடும். இப்பழத்தில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் எல்லாம் சேர்ந்து சப்பென்று ஆகிவிடும். செறிவுச் சாற்றில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் பழத்தின் சுவை எழுந்து நிற்கும். சூடான பாலில் விட்டால் திரியும். குளிர்ந்த கலவையில் இந்த அளவு எலுமிச்சை பி.எச். அளவைப் பால் திரியும் 4.6 வரை இறக்காது, ஆகையால் திரியாது. வனிலா எசன்ஸைத் தவிர்த்துவிடுங்கள். பழத்தின் வாசம் அதற்கு ஈடுகொடுக்காது.

நான் உறுதி சொல்ல முடியாதவற்றையும் குறிப்பிட வேண்டும். பழத்துக்குப் பழம், செடிக்குச் செடி இனிப்பு மாறும். என் கணக்கு சாற்றில் 13 சதவீதம் சர்க்கரை என்ற எண்ணிக்கையில் போட்டது. உங்கள் பழம் அதைவிட இனிப்பாக இருந்தால் வெள்ளைச் சர்க்கரையை 85 கிராமாகக் குறையுங்கள், சப்பென்றிருந்தால் 110 வரை போகலாம். உறையவைப்பதற்கு முன் ருசிபார்த்தால், தேவையைவிடக் கொஞ்சம் அதிக இனிப்பாகத் தெரிய வேண்டும். பழத்தின் பசைப்பொருள் தானே கலவையைப் பிடித்து வைக்கும், கார்ன்ஃப்ளாரே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உதவுகிறது என்பது என் அனுபவம்; அதை மட்டும் நம்பலாம் என்று சொல்லமாட்டேன், ஏனெனில் துணியில் வடிக்கும்போது அதில் எவ்வளவு தங்கிவிடுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. சர்க்கரை நோய்க்கு இப்பழம் நல்லதா என்று நீங்கள் இடையில் கேட்டிருந்தீர்கள். அது என் துறையல்ல, மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஆனால் பழத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நூற்றில் 17 பங்கு சர்க்கரை உள்ள இந்த ஐஸ்கிரீமை மருந்தாக எண்ணக் கூடாது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சற்றுச் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் நிறமியின் விளைவு. ஓரிரு நாளில் மாறாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

டிராகன் பழமும் கள்ளிப் பழம்தான், அதிலும் இதே முறை பொருந்தும். அதில் சுணை இல்லை, விதைகளும் மென்மையானவை; ஆகவே வடிகட்டும் பாடு குறைவு. மணம் இன்னும் மெலிது என்பதால் எலுமிச்சையை மட்டும் சற்றுக் கூட்ட வேண்டும்.

செய்து முடித்ததைச் சிறு டப்பாக்களில் நிரப்பி, மேற்பரப்பை ஒட்டி ஒரு பட்டர் பேப்பரை வைத்து மூடி, ஃப்ரீசரின் கதவுப் பக்கம் அல்லாமல் உட்புறத்தில் வையுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் உருகி மறுபடி உறைவதால்தான் படிகங்கள் பெரிதாகின்றன. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு குளிர்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றினால் கரண்டி தானாக இறங்கும்.

இப்போது உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் அந்தக் கட்டியைப் பற்றி. அதை மீண்டும் ஐஸ்கிரீமாக்க முயல வேண்டாம். நிறம் திரும்பி வராது, நீரைக் குறைக்கவும் வழியில்லை. விதைத் தூள் கலந்திருப்பதாகத் தோன்றினால் குளிர்பெட்டியில் உருகவிட்டு ஒருமுறை துணியில் வடியுங்கள். பிறகு பாதி உருகிய பதத்தில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மிக்ஸியில் அடித்து, மில்க் ஷேக்காக அன்றைக்கே குடித்துவிடுங்கள்.